ஜனாதிபதித் தேர்தலும் கொம்யூன் வோட்டர்களும்

புதுவையைச் சார்ந்த வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலே அறுபதாண்டுகளுக்கு மேலாக ஒரு விசித்திரமான நிலைமை இருந்து வருகின்றது. ஒரே வீதியில், ஒரே சுவருக்கு இப்புறமும் அப்புறமுமாக வாழும் தமிழ்க் குடும்பத்தார் சிலர் இருவேறு குடியரசுகளின் பிரஜைகளாக இருக்கின்றனர். ஒருவர் பிரெஞ்சுப் பிரஜை. ஐயாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள பாரிஸ் நகரில் அமரும் ஜனாதிபதியை நேரே தம் கையால் வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார். ஆனால் தம் வாசலில் ஓடும் சாக்கடைக்கும், தம் வயலுக்கு வரவேண்டிய வாய்க்கால் நீருக்கும் பொறுப்பாளியான சட்டசபை அங்கத்தினரைத் தேர்ந்தெடுக்க அவருக்கு உரிமை கிடையாது. அடுத்த வீட்டுக்காரர் இந்தியப் பிரஜை. சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் வோட்டுப் போடுகிறார். ஆனால் தம் தேசத்தின் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் நாளில் அவரை ஒருவரும் அழைப்பதில்லை. ஒருவருக்கு உள்ளது மற்றவருக்கு இல்லை.

இவ்விருவருக்கும் பொதுவான கேள்வி ஒன்றுண்டு. ஒரு அபேட்சகரை விட்டு மற்றொரு அபேட்சகரை மனிதன் ஏன் தெரிந்து கொள்ளுகிறான்? பாரிஸ் ஜனாதிபதியின் காலவரை 2027-ம் வருஷம் மே மாதத்திலும், டில்லி ஜனாதிபதியின் காலவரை அதே வருஷம் ஜூலை மாதத்திலும் முடிவடைகின்றன. ஒரே வீதியின் இரு வீடுகளையும் ஒரே வருஷத்தில் தொடுகின்ற இவ்விஷயத்தைப் பற்றி நம்மவர்கள் நிதானமாக யோசித்தல் அவசியமென்று கருதுகிறோம்.

முதலில் பிரெஞ்சுப் பிரஜைகளான நம் சகோதரரைப் பற்றிச் சொல்வோம். 1954-ம் வருஷம் நவம்பர் 1-ம் தேதி புதுவை, காரைக்கால், மாஹி, ஏனாம் ஆகியவற்றின் நிர்வாகம் இந்தியா வசம் வந்தது. 1956-ம் வருஷம் மே 28-ம் தேதி கையெழுத்தான உடன்படிக்கை 1962-ம் வருஷம் ஆகஸ்டு 16-ம் தேதியன்றுதான் பூரணமாக அமலுக்கு வந்தது. அந்நாள் முதல் ஆறு மாதத்திற்குள், விரும்புவோர் பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க எழுதிக் கொடுக்கலாம் என்று ஏற்பாடு செய்யப்பட்டது. எழுதிக் கொடுத்தவர்கள் சில ஆயிரம் பேர். அவர்களுடைய மக்களும் பேரன்மாருமே இன்று பிரெஞ்சு வோட்டர் ஜாபிதாவில் இருக்கின்றனர். பிரான்சிலோ, 1962-ம் வருஷம் அக்டோபர் மாதத்து ஜனவாக்கெடுப்பினால்தான் ஜனாதிபதியை ஜனங்களே நேரே தேர்ந்தெடுக்கும் இப்போதைய முறை ஏற்பட்டு, 1965-ம் வருஷம் டிசம்பரில் அம்முறைப்படி முதல் தேர்தல் நடந்தது. வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுப் பிரஜைகளுக்கு அங்கங்கே வோட்டுச் சாவடி வைக்கும் சட்டம் 1976-ம் வருஷத்தில் பிறந்தது. 2022-ம் வருஷத்துத் தேர்தலில் புதுவைப் பிரெஞ்சு துணைத் தூதரகத்தின் ஜாபிதாவில் சுமார் 4,500 பேர் இருந்தனர். பெரும்பாலார் புதுவை நகரத்தவர். மற்றையோர் கிராமக் கொம்யூன்களிலும், காரைக்காலிலும், சென்னை முதலிய இடங்களிலும் பரவி இருப்பவர்.

இவர்கள் எதைக் கொண்டு அபேட்சகரைத் தெரிந்து கொள்ளுகின்றனர்? மூன்று காரணங்களை நாம் காண்கிறோம்.

முதலாவது, நன்றியும் நினைவும். 1940-ம் வருஷம் ஜெர்மனிக்குப் பிரான்ஸ் பணிந்தபோது, அவ்வருஷம் செப்டம்பர் மாதமே பிரெஞ்சிந்தியா தெகோல் தளபதியின் சுதந்தரப் பிரான்சின் பக்கம் சேர்ந்தது. அச்சேனையிலும் அதற்குப் பின்வந்த சேனைகளிலும் சேவித்த நம்மூர்ச் சொல்தாக்களின் வீடுகளிலே தெகோல் பெயருக்கு ஒரு தனி மதிப்பு இருந்தது. தகப்பன் போட்ட கட்சிக்கே மகனும் போடுவது இவ்வகையைச் சேர்ந்தது. நன்றி நற்குணந்தான், ஆனால் இறந்துபோன தலைவருக்குச் செலுத்தும் நன்றியை உயிரோடிருக்கும் அபேட்சகர் தமக்குரிய கடனாக வசூலித்துக் கொள்ளும்போது, வோட்டர் விழித்துக் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, சுயநலம். பென்ஷன் தொகை, பிள்ளைகளின் படிப்பு, பிரான்சில் குடியேறியுள்ள மகனுடைய வேலை, மருமகளுக்குப் பிரவேச அனுமதி, இவையெல்லாம் பாரிஸ் சட்டங்களைப் பொறுத்தவை. இதைக் கேவலமென்று சொல்ல நாம் துணியோம். தன் குடும்பத்தைத் தொடும் சட்டம் எது, அதை யார் கொண்டு வருவார், யார் தடுப்பார் என்று ஆராய்ந்து வோட்டுப் போடுகிறவன் உத்தமமான வோட்டரே. "உம்முடைய சட்டம் எனக்கும் என்னைப் போன்றார்க்கும் என்ன செய்யும்?" என்று கேட்பது ஒன்று, "என் கையில் என்ன வைப்பீர்?" என்று கேட்பது வேறொன்று. முன்னது பிரஜையின் கேள்வி. பின்னது விற்பனைக்காரனின் கேள்வி.

மூன்றாவது, அச்சம். 2002-ம் வருஷத்தில் அந்நியருக்கு விரோதமான கட்சியின் தலைவர் லெ பென் இறுதிச் சுற்றுக்கு வந்தபோது, அவரை எதிர்த்த ஷிராக்குக்கு நூற்றுக்கு 82 வோட்டுகள் கிடைத்தன. அதே கட்சியின் சார்பில் அவருடைய புதல்வி நின்றபோது, எதிர்த்த மக்ரோனுக்கு 2017-ல் நூற்றுக்கு 66-ம், 2022-ல் நூற்றுக்கு 58-க்குச் சற்று மேலும் கிடைத்தன. இருபது வருஷத்தில் அந்த மதிலின் உயரம் எவ்வளவு குறைந்துவிட்டதென்று பாருங்கள்! பிரான்ஸ் மண்ணிற் பிறந்ததைக் கொண்டு பிரஜா உரிமை பெறும் வழியை அடைப்போம் என்றும், பூர்வ பிரஜைகளுக்கே முன்னுரிமை என்றும் கூறுங் கட்சி அது. உடன்படிக்கையினாற் பிரெஞ்சுப் பிரஜையான தமிழர், காகிதத்தில் பிரெஞ்சுக்காரராகவும் நிறத்தில் அந்நியராகவும் கருதப்படுவோமோ என்று அஞ்சுவது இயற்கையே. ஆயினும் நம்மவர் எல்லோரும் ஒரே பக்கம் நிற்பர் என்று எண்ணலாகாது. தமக்குப் பின்னால் வருகிறவனுக்குக் கதவை அடைத்தால் தம் இடம் பத்திரமாகும் என்று நினைப்பவர் எந்த ஜனசமூகத்திலும் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே: தாழ்ப்பாளைப் பிறரிடம் கொடுத்தவன், அது தன் பக்கம் திரும்பாது என்பதற்கு ஜாமீன் கேட்க முடியாது.

இனி இந்தியப் பிரஜைகளான பெரும்பாலாரின் விஷயத்துக்கு வருவோம். இவர்களுடைய வோட்டின் சரித்திரம் நெடியது. பிரிட்டிஷ் இந்தியாவில் சாமானிய ஜனங்களுக்கு வோட்டு என்பது கனவாயிருந்த காலத்திலே, பிரெஞ்சிந்தியாவின் ஆடவர் பாரிஸ் சபைக்கு ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை 1871-ம் வருஷத்திலேயே பெற்றனர். 1880-ம் வருஷத்துக் கட்டளையினால் பத்துக் கொம்யூன்கள் ஏற்பட்டன. வில்லியனூரும் பாகூரும் அப்பத்தில் அடங்கியவை. உரிமை இவ்வளவு முந்தி வந்தும் பயன் என்ன? உள்ளூர்ச் சபைகளுக்கு ஐரோப்பியருக்கு ஒரு ஜாபிதா, இந்தியருக்கு வேறு ஜாபிதா என்று பிரித்தார்கள். கிராமத்திலோ மிராசுதாரும், ஜாதித் தலைவரும், கட்சிக் காரியஸ்தரும் முதல்நாள் இரவே கணக்கை முடித்துவிடுவர்; மறுநாள் சாவடியில் நடப்பது வெறும் சடங்கு. 1914-ம் வருஷத்தில் அரவிந்தரின் நண்பரான போல் ரிஷார் என்பவர் அப்பிரதிநிதி ஸ்தானத்துக்கு நின்று, சொற்ப வோட்டே பெற்றுத் தோற்றார். கொள்கை பேசியவர் தோற்றார், கட்சிக் கட்டு உள்ளவர் வென்றார். அவ்வாறு தெரிந்து கொண்டதற்குக் காரணம் கேட்டிருந்தால், பாகூர்க் குடியானவன், "பெரியவர் சொன்னார்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான்.

வில்லியனூரிலே திருக்காமீசுவரர் தேர்த் திருநாளில் பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்து இழுப்பது வழக்கமாயிருந்தது. சுதந்தரத்துக்குப் பின் லெப்டினெண்ட் கவர்னர்கள் அவ்வழக்கத்தைத் தொடர்ந்து வந்தனர். ஆளுகிறவன் வடத்தைத் தொட்டால் ஜனங்களின் மனம் குளிர்கின்றது. மரியாதைக்கு மரியாதை செய்வது நம் பண்பு. ஆனால் வடம் பிடித்த கைதான் வரி விதித்தது. அதே கைதான் 1954-க்கு முன் தேசபக்தரைச் சிறையிலும் தள்ளிற்று. வடத்தைத் தொட்டதை மட்டும் பார்த்து வோட்டுப் போடுகிறவன், அந்தக் கை மற்ற நாளெல்லாம் என்ன செய்தது என்று பார்ப்பதில்லை.

ஆயினும் இதே வில்லியனூர்ப் பகுதி வேறொரு பாடமும் கற்பித்தது. 1954-ம் வருஷம் அக்டோபர் 18-ம் தேதி கீழூர்க் கிராமத்திலே, பிரெஞ்சிந்தியாவின் சட்டசபை அங்கத்தினரும் முனிசிபல் அங்கத்தினருமாக 178 பேர் கூடி வோட்டுப் போட்டனர். இந்தியாவுடன் இணைவதற்கு 170 பேர், எதிராக 8 பேர். இலட்சக்கணக்கான ஜனங்களில் ஒருவராவது அன்று தாமே சீட்டுப் போடவில்லை. அவர்களுடைய பிரதிநிதிகளே போட்டனர். அப்படியிருந்தும் அது ஜனங்களின் தீர்ப்பு என்று உலகம் ஒப்புக்கொண்டது. ஏன்? அவ்வருஷம் மார்ச்சு மாதமே கொம்யூன் சபைகள் இணைப்பை வேண்டித் தீர்மானம் செய்துவிட்டன. நெட்டப்பாக்கம், பாகூர்ப் பகுதிகளிலே தேசியக் கொடி ஏறிவிட்டது. பிரதிநிதி சாவடிக்குள் புகுமுன்பே ஜனங்கள் தம் மனத்தை அவனுக்குத் தெரிவித்துவிட்டனர். பிரதிநிதி மூலம் போடும் வோட்டு ஜனங்களின் வோட்டாவது அப்போதுதான்.

இந்திய ஜனாதிபதித் தேர்தலும் பிரதிநிதிகள் மூலமே நடப்பது. ஆனால் நெடுங்காலம் புதுவைச் சட்டசபைக்கு அதிலும் பங்கில்லை. 1969-ம் வருஷத்தில் ஸ்ரீ வி. வி. கிரிக்கும் ஸ்ரீ சஞ்சீவ ரெட்டிக்கும் கடும் போட்டி ஏற்பட்டு, முதல் விருப்ப வோட்டுகளால் தீர்மானமாகாமல், இரண்டாம் விருப்பத்தையும் எண்ணிக் கிரி வெற்றி பெற்றார். மனச்சாட்சிப்படி வோட்டுப் போடுங்கள் என்று தேசமெங்கும் முழக்கம் எழுந்த அத்தேர்தலில், புதுவைச் சட்டசபை அங்கத்தினர் வேடிக்கை பார்த்துக் கொண்டிருந்தனர். அரசியல் சட்டத்தின் 70-வது திருத்தம் 1992-ல் நிறைவேறி 1995-ல் அமலான பின்னரே டில்லி, புதுவைச் சட்டசபைகளுக்கு இவ்வுரிமை வந்தது. புதுவைச் சட்டசபை முதன்முதல் வோட்டளித்தது 1997-ல். 1971-ம் வருஷத்துக் குடிக்கணக்கின்படி புதுவையின் ஜனத்தொகை 4,71,707. அதை முப்பது அங்கத்தினரால் வகுத்து, பின் ஆயிரத்தால் வகுத்தால் அங்கத்தினர் ஒருவரின் வோட்டு மதிப்பு 16. தமிழ்நாட்டு அங்கத்தினருக்கு 176. உத்தரப் பிரதேசத்தவருக்கு 208. புதுவைச் சட்டசபை முழுவதற்கும் 480. 2022-ம் வருஷத்தில் தேசம் முழுவதற்கும் மொத்த மதிப்பு 10,86,431.

"சமுத்திரத்தில் கரைத்த பெருங்காயம் போன்ற இந்த 480-க்காகவா இவ்வளவு பேச்சு?" என்று சிலர் நகைக்கலாம். "ஜனாதிபதி மந்திரிசபையின் ஆலோசனைப்படி கையெழுத்திடுகிறவர்தாமே, யார் வந்தால் என்ன?" என்றும் கேட்கலாம். இவ்விரண்டுக்கும் விடை கூறுவோம்.

ஒரு மாநிலத்து வோட்டரைக் காட்டிலும் புதுவை வோட்டருக்கே ஜனாதிபதி அதிகம் வேண்டியவர். அரசியல் சட்டத்தின் 239-வது ஷரத்தின்படி யூனியன் பிரதேசத்தின் நிர்வாகம் ஜனாதிபதியின் பெயரால் நடப்பது. லெப்டினெண்ட் கவர்னரை நியமிப்பவர் அவர். 1963-ம் வருஷத்துச் சட்டத்தின்படி புதுவைச் சட்டசபை நிறைவேற்றும் மசோதா அவருடைய சம்மதத்துக்கு அனுப்பப்படலாம். மத்திய சர்க்கார் மூன்று நியமன அங்கத்தினரை நுழைப்பது செல்லும் என்று 2018-ம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2021-ம் வருஷம் பிப்ரவரியில் மந்திரிசபை கவிழ்ந்தவுடன் ஜனாதிபதி ஆட்சி வந்தது. மாநில அந்தஸ்து வேண்டுமென்று புதுவைச் சட்டசபை பன்முறை தீர்மானம் செய்திருக்கிறது. புதிய மாநிலம் அமைக்கும் மசோதாவோ, 3-வது ஷரத்தின்படி, ஜனாதிபதியின் சிபாரிசு இன்றிப் பார்லிமெண்டில் பிரவேசிக்கவே முடியாது. ஆக, பங்காரு வாய்க்காலைத் தூர்வாரிப் பாகூர் ஏரிக்கு நீர் கொண்டுவரும் வேலைக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரம் புதுவை மந்திரிக்கு எவ்வளவு, டில்லிக்கு எவ்வளவு என்ற விவகாரத்தின் வேர் அந்த மாளிகையிலேதான் இருக்கிறது.

ஜனாதிபதி ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவர் என்பது மெய்யே. ஆனால் ஆலோசனையை ஒருமுறை திருப்பியனுப்பிப் புனராலோசனை செய்யுங்கள் என்று கூறும் உரிமையை 44-வது திருத்தம் அவருக்கு அளித்திருக்கிறது. 1997-ம் வருஷம் அக்டோபரில் உத்தரப் பிரதேசத்து மந்திரிசபையைக் கலைக்கும் சிபாரிசை ஸ்ரீ கே. ஆர். நாராயணன் திருப்பியனுப்பினார், மத்திய மந்திரிசபை அதைக் கைவிட்டது. தபால்களைப் பிரித்துப் பார்க்க இடங்கொடுத்த தபால் மசோதாவுக்கு ஸ்ரீ ஜெயில் சிங் கையெழுத்திடாமலே இருந்துவிட்டார். பேனா ஒன்றே, பிடிக்கும் கையைப் பொறுத்துப் பலன் மாறுகிறது. ஆகையால் "யார் வந்தால் என்ன" என்பது சோம்பேறியின் வேதாந்தம்.

அப்படியானால் நம் அங்கத்தினர்கள் எதைக் கொண்டு தெரிந்து கொள்ளுகின்றனர்? பெரும்பாலும் கட்சித் தலைமை விரல் காட்டிய திக்கைக் கொண்டே. இத்தேர்தலில் கட்சிக் கட்டளை பிறப்பிக்க இடமில்லை என்பது தேர்தல் கமிஷனின் தெளிவான நிலை, சீட்டும் ரகசியமானது. தேசத்தின் தலைமைப் பதவிக்கு யாருக்கும் அஞ்சாமல் வோட்டுப் போடும் சுதந்தரத்தை அரசியல் சட்டம் அங்கத்தினருக்கு அளித்திருக்க, அவர் அதை மடித்துக் கட்சிக் காரியாலயத்தில் கொடுத்துவிடுகிறார். 1914-ல் "பெரியவர் சொன்னார்" என்றவனுக்கும் இவருக்கும் வேஷ்டியின் கரையைத் தவிர வேறு வித்தியாசம் நாம் காணவில்லை.

அபேட்சகரின் பிறப்பும் குலமும் ஒரு காரணமாகலாமா என்ற வினாவும் உண்டு. தாழ்த்தப்பட்ட வகுப்பிற் பிறந்த ஸ்ரீ நாராயணன் 1997-லும், சந்தால் பழங்குடியிற் பிறந்த ஸ்ரீமதி திரௌபதி முர்மு 2022-லும் அப்பதவியில் அமர்ந்தது பாரத தேசத்துக்குப் பெருமையே. அப்பெருமையை நாடி வோட்டளித்தவரைக் குறை கூறோம். ஆனால் நாராயணனை நாம் இன்று நினைப்பது அவருடைய பிறப்புக்காக மட்டுமன்று; திருப்பியனுப்பிய அந்தக் காகிதத்துக்காகவும்தான். பிறப்பு கதவைத் திறக்கலாம். உள்ளே சென்றபின் செய்த காரியமே பெயரை நிறுத்துகிறது.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, கிராம சபைக்குக் குடவோலையில் பெயர் எழுதப்படத் தக்கவன் யார் என்பதை விரித்துரைக்கின்றது. 921-ம் வருஷத்து ஏற்பாட்டின்படி வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்கவேண்டும். சொந்த நிலமும் மனையும் கல்வியும் வேண்டும். பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர். இந்திய ஜனாதிபதிக்கும் முப்பத்தைந்து வயதே வரம்பென்பது வியப்பான ஒற்றுமை. குடவோலையில் இறுதியிற் சீட்டை எடுத்தது அறியாச் சிறுவன் கை. ஆனால் அந்தக் கை குடத்துக்குள் போகுமுன், குடத்துக்குள் யார் பெயர் போகலாம் என்பதை அறிந்தவர் ஆராய்ந்தனர். நாமோ குடத்துக்குள் போகும் பெயரை ஆராய்வதில்லை. வெளியே வந்த பெயருக்கு மாலை போடுவதோடு நிற்கிறோம். நிலமும் வேதமும் உள்ளவனுக்கே அன்று இடமிருந்தது என்பதை நாம் மறைக்கவில்லை; அந்த வேலியை அரசியல் சட்டம் பிடுங்கி எறிந்தது நியாயமே. கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை என்ற வேலியையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டதுதான் நம் தவறு.

செய்ய வேண்டியது என்ன? 2027-ம் வருஷம் ஜூலையில் ஜனாதிபதியைத் தேரும் உரிமை, 2026-ம் வருஷத்துத் தேர்தலில் சட்டசபைக்குச் செல்லும் முப்பதின்மருக்கு உரியது. வில்லியனூர், பாகூர், மங்கலம், ஏம்பலம், நெட்டப்பாக்கம் முதலிய தொகுதிகளின் வோட்டர்கள், வீடு தேடி வருகிற அபேட்சகரையும் வென்று சென்ற அங்கத்தினரையும் மூன்று கேள்வி கேட்கட்டும். புதுவையின் மாநில அந்தஸ்தைப் பற்றி ஜனாதிபதி அபேட்சகரின் கருத்தைக் கேட்டீரா? ஜனங்கள் தேர்ந்த மந்திரிசபைக்கும் நியமனம் பெற்ற கவர்னருக்கும் தகராறு வந்தால் அவர் எப்பக்கம் நிற்பார் என்று அவருடைய பழைய நடத்தையைக் கொண்டு ஆராய்ந்தீரா? உம் தொகுதியில் கூட்டம் கூட்டி எங்கள் அபிப்பிராயத்தைக் கேட்ட பின்னரா வோட்டளிக்கப் போகிறீர்? வோட்டு ரகசியமாக இருக்கட்டும்; அதன் காரணம் ரகசியமாக இருக்க வேண்டுவதில்லை. கொம்யூன்தோறும் ஊழியர்கள் இக்கேள்விகளை எழுதி விடை வாங்கி ஊரறிய வாசிப்பார்களானால், 16 என்னும் அந்தச் சிறு எண்ணுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான குடிகளின் மனம் நிற்கும்.

பிரெஞ்சுப் பிரஜைகளான சகோதரருக்கும் இதையே சொல்லுவோம். உங்கள் 4,500 வோட்டும் பிரான்சின் பல கோடியில் ஒரு துளியே. ஆயினும் அத்துளியை நேரே உங்கள் கையால் விடும் பாக்கியம் உங்கள் அண்டை வீட்டாருக்கு இல்லை. எந்த அபேட்சகர் தம்மோடு நிறத்தில் ஒவ்வாதவனையும் பிரஜை என்று ஒப்புவாரோ அவருக்கே அதை அளியுங்கள். பென்ஷன் கணக்கை அதற்குப் பின் பாருங்கள்.

கீழூரில் வோட்டளித்த 178 பேரும் என்ன காரணத்தால் தெரிந்து கொண்டனர் என்பதை அன்று ஊரார் ஒவ்வொருவரும் அறிவர். 2027-ம் வருஷம் ஜூலையில் நம் முப்பதின்மர் என்ன காரணத்தால் தெரிந்து கொள்வர் என்பதையும் ஊரார் அவ்வாறே அறியும்படி செய்தல், வில்லியனூர், பாகூர்க் குடிகளின் கையில் இருக்கிறது.